ஒற்றை விரல் கேள்வி

"முட்டாள்தனமான கேள்வி என்று ஒன்று கிடையாது, தயங்காமல் கேளுங்கள்" என்று வகுப்பில் ஆசிரியர் சொல்கிறார். பட்டாசு ஆலையில் பாதுகாப்புப் பயிற்சி நடத்த வருபவரும் அதையேதான் சொல்கிறார். யாரும் மறுக்காத நல்வாக்காக அது நிலைத்துவிட்டது. ஆனால் ஒரு வாக்கு எவ்வளவு பெறும் என்பது, அதை நம்பி நடந்தவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்ப்பதற்கு விருதுநகர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் என்று பரந்து கிடக்கும் கந்தக பூமியில் ஏறத்தாழ ஆயிரம் பட்டாசு ஆலைகள் இயங்குகின்றன. கேட்ட ஒரு கேள்வியால் உயிர் தப்புவதும், கேட்காமல் விட்ட ஒரு கேள்வியால் நாலு வீட்டில் சாவு விழுவதும் இங்கே நடக்கக்கூடியவை. கேள்வியின் தரத்தை இங்கே வைத்து எடைபோட்டால் பேச்சு அலங்காரத்துக்கு இடமிருக்காது.

எடைபோட அளவுகோல் வேண்டும். அது தமிழில் ஏற்கனவே இருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. பள்ளியில் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோகும் பட்டியல் இது. விடை தெரிந்த ஆசிரியர் மாணவனிடம் கேட்டால் அறிவினா. தெரியாத மாணவன் ஆசிரியரிடம் கேட்டால் அறியாவினா. இதுவா அதுவா என்று தடுமாறிக் கேட்டால் ஐயவினா. கடையில் பருப்பு இருக்கிறதா என்று வாங்கக் கேட்பது கொளல், உன்னிடம் சட்டை இல்லையா என்று கொடுக்கக் கேட்பது கொடை, படித்து முடித்தாயா என்று வேலை ஏவக் கேட்பது ஏவல். கேட்கப்படும் பொருள் பெரிதா சிறிதா என்பதை இந்தப் பிரிவு பார்ப்பதே இல்லை. எதற்காகக் கேட்கிறார் என்பதை மட்டுமே பார்க்கிறது. ஆறில் எதையும் இழுக்கு என்று தள்ளவும் இல்லை. அறியாமையிலிருந்து பிறக்கும் கேள்விக்கு, அறிந்து கேட்கும் கேள்விக்கு அடுத்த இருக்கை.

ஆனால் இலக்கணம் எல்லாக் கேள்வியையும் வாழ்த்திவிட்டுப் போய்விடவில்லை. திணை வழு, பால் வழு என்ற வரிசையில் வினா வழு என்று ஒன்றையும் வைத்திருக்கிறது. பள்ளிப் பாடநூலில் அதற்குத் தரும் எடுத்துக்காட்டு மிகக் கூர்மையானது. ஒரே ஒரு விரலைக் காட்டி, "சிறியதோ, பெரியதோ?" என்று கேட்பது வழு. இரண்டு விரல்களைக் காட்டி, "எது சிறியது, எது பெரியது?" என்று கேட்பது வழாநிலை. ஒற்றை விரலைக் காட்டிக் கேட்பவருக்கு அறிவு போதவில்லை என்று இலக்கணம் சொல்லவில்லை. ஒப்பிட வேண்டிய மற்றொன்றைக் கண்ணில் காட்டாமலேயே விடை கேட்கிறார், அதுதான் பிழை. எவ்வளவு படித்தவர் கேட்டாலும் அந்தக் கேள்வி பிழையானதுதான்.

ஆக, கையில் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. கேட்பவர் விடையை உண்மையில் வேண்டுகிறாரா என்பது ஒன்று. விடைக்கு இடம் கொடுக்கும்படி கேள்வி அமைந்திருக்கிறதா என்பது இன்னொன்று. இவற்றை வைத்துப் பட்டாசுத் தொழிலின் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் அறியாவினா. வெடிமருந்து செலுத்தும் அறை. வேலைக்குப் புதிதாக வந்த பெண், வேலை முடிகிற நேரத்தில் போர்மேனிடம் கேட்கிறாள்: "அண்ணாச்சி, மிச்ச மருந்த மூடி வச்சிட்டா நாளைக்கு வந்ததும் எடுத்துக்கலாம்ல?" இப்படிப்பட்ட கேள்விக்கு வழக்கமாக வரும் பதில் ஊரறிந்தது. "ஏத்தா, வேலைக்கு வந்தியா, கேள்வி கேக்க வந்தியா? சொன்னதச் செய்யி." பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்தப் பெண் இனி வாயைத் திறக்க மாட்டாள்.

சிரிப்புக்குரியதாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குள் இருப்பது முழு வேதியியல். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி மூன்றும் சேர்ந்ததுதான் பெரும்பாலான வெடிகளின் மருந்து. அலுமினியத் துகளின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் இருப்பதால் காய்ந்த நிலையில் அது அடங்கிக் கிடக்கிறது. ஈரம் பட்டால் நிலைமை மாறுகிறது. அலுமினியமும் வெடியுப்பிலுள்ள நைட்ரேட்டும் ஈரத்தில் வினைபுரியத் தொடங்கும். அம்மோனியா வெளியேறும், கலவை காரத்தன்மை அடையும், அந்தக் காரம் ஆக்சைடு படலத்தை அரித்து வினையை இன்னும் விரைவாக்கும். இதில் பிறக்கும் சூடு சிறு அளவில் காற்றில் கலைந்துவிடும். குவியலாக மூடி வைத்திருந்தால் வெளியேற வழியின்றி உள்ளேயே ஏறிக்கொண்டு போகும். நெருப்பும் இல்லாமல், உராய்வும் இல்லாமல், பூட்டிய அறைக்குள் மருந்து தானாகவே பற்றிக்கொள்ள இது போதும். இந்த வினையை மட்டுப்படுத்தத்தான் கலவையில் போரிக் அமிலம் சேர்க்கிறார்கள். அன்றன்று கலந்ததை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும் என்ற விதி இதிலிருந்துதான் வந்தது. மூடி வைத்தால் பத்திரம் என்று அந்தப் பெண் நினைத்தது வீட்டுச் சமையலறை கற்றுக்கொடுத்த நியாயம். இந்த அறையில் அது நேர்மாறானது என்பதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு இருந்த ஒரே வழி, கேட்பதுதான்.

இன்னொரு கேள்வி. "வெயிலும் ஆகாதுங்கீங்க, ஈரமும் ஆகாதுங்கீங்க, அப்ப எப்பத்தான் வேலை பாக்குறது?" எகத்தாளம்போலத் தொனிக்கிறது. ஆனால் சிவகாசியின் இயல்பையே தொட்ட கேள்வி இது. மழை குறைந்த வறண்ட ஊர் என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேர்பிடித்தன. தீக்குச்சியும் மருந்தும் காய வெயில் வேண்டும். அதே வறட்சியில் உடம்பிலும் துணியிலும் நிலைமின்சாரம் சேர்கிறது. நைலான் சேலை கூடாது, பருத்திதான் உடுத்த வேண்டும் என்பதும், அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட வேண்டும் என்பதும், தரையில் மின்கடத்தும் ரப்பர் விரிப்பு போட்டிருப்பதும் அதற்காகத்தான். மருந்து கலப்பதையும் செலுத்துவதையும் உச்சி வெயிலுக்கு முன்பே, காலைப் பொழுதில் முடித்துவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு இந்த இரு ஆபத்துக்கும் நடுவில் கண்ட வழி. எகத்தாளமாகக் கேட்டவளுக்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருந்தால் முழுப் பாதுகாப்புப் பாடமும் அந்த ஒரே பதிலில் அடங்கியிருக்கும்.

அறை வாசலில் எழுதியிருக்கும் எண்களும் இப்படித்தான். இத்தனை பேர், இத்தனை கிலோ. பெரும்பாலான அறைகளில் நாலு பேருக்கு மேல் கூடாது. கதவு ஏன் வெளிப்பக்கமாகத் திறக்கிறது? ஓடுகிறவர்கள் முட்டும்போது தானாகத் திறக்க வேண்டும். அறைக்கும் அறைக்கும் நடுவே ஏன் இவ்வளவு பொட்டல்? ஓர் அறை வெடித்தால் அந்த அதிர்விலும் நெருப்பிலும் அடுத்தது வெடிக்கக் கூடாது. 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ கேட்ட ஓர் எளிய "ஏன்" இருக்கிறது. விதி என்பது விடை. காலப்போக்கில் கேள்வி உதிர்ந்துபோய் விடை மட்டும் பலகையில் நிற்கிறது. கேள்வி தெரியாமல் விடையை மட்டும் மனப்பாடம் செய்தவர், விதியில் எழுதாத சூழ்நிலை வந்தால் நின்றுவிடுவார். மிச்ச மருந்தை வைக்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தவருக்கு, கூரை ஒழுகிக் காலையில் நனைந்த மருந்தை என்ன செய்வது என்று தெரியாது. ஏன் வைக்கக் கூடாது என்று தெரிந்தவர், கையை வைக்காமல் வெளியே வந்துவிடுவார்.

இந்தத் தொழிலின் தொடக்கமே ஓர் அறியாவினாதான். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டி செய்வது எப்படி என்று கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்குப் போனார்கள். தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவர்களைத் தேடிப்போன இருவரிடமிருந்து வளர்ந்த ஊர், தெரியாது என்று சொல்கிற தொழிலாளியைப் பார்த்துச் சிரிப்பது நியாயமாகாது.

எதிர்த்தரப்புக்கும் காது கொடுக்க வேண்டும். போர்மேன் பக்கம் மூன்று வாதங்கள் இருக்கின்றன, மூன்றும் எளிதில் தள்ளக்கூடியவை அல்ல.

ஒன்று, ஆபத்தான வேலையில் கீழ்ப்படிதல்தான் உயிரைக் காக்கும் என்பது. "வெளிய ஓடு" என்று குரல் வந்தால் "ஏன்" என்று நின்று கேட்பவர் செத்துப்போவார். இதை ஏற்கிறேன். ஆனால் இங்கே பிழை காலத்தில்தான், கேள்வியில் இல்லை. ஓடி நின்றபின் அதே "ஏன்" கேட்கப்பட்டே ஆக வேண்டும். பின்னால் நிச்சயம் பதில் கிடைக்கும் என்று நம்புகிறவர்கள்தான் குரல் கேட்டதும் மறுபேச்சில்லாமல் ஓடுவார்கள்.

இரண்டு, ஒரே கேள்வியைப் பத்துப் பேர் பத்துத் தடவை கேட்கிறார்கள் என்ற சலிப்பு. பத்தாவது ஆளும் அதையே கேட்கிறார் என்றால், முன்பு சொன்னது யாருக்கும் போய்ச் சேரவில்லை என்றே பொருள். அது பயிற்சியின் குறை. கேட்டவரின் மூளைக்கு அதை மதிப்பெண்ணாகப் போடக் கூடாது.

மூன்று, நேரம். இதுதான் கனமான வாதம். பல வேலைகளுக்கு இங்கே எண்ணிக்கைக்குக் கூலி. பெட்டிக் கணக்கு, குரோஸ் கணக்கு. கேள்வி கேட்டு, பதில் சொல்லி, பத்து நிமிடம் போனால் அந்தப் பத்து நிமிடக் கூலி போனது. கேட்டவளுக்கு மட்டுமா? அவளோடு சேர்ந்து வேலை பார்க்கிறவர்களின் கணக்கும் குறையும். தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் குவியும், அவசரம் கூடும். இந்த நிலையில் அவள் கேட்காமல் இருப்பது பயமும் அல்ல, மந்தமும் அல்ல. கையில் இருக்கும் கூலியைக் காத்துக்கொள்ளும் கணக்கு.

"தயங்காமல் கேளுங்கள்" என்ற வாக்கின் முதல் பெரிய ஓட்டை இங்கே தெரிகிறது. தயக்கம் மனசில் இருப்பதாக அது எண்ணிக்கொள்கிறது. தயக்கம் கூலி முறையில் இருக்கிறது. கேள்விக்கு விலை வைத்துவிட்டு, கேட்காதவரைக் கூச்சக்காரர் என்று சொல்வது ஏமாற்று. ஆக, முதல் சோதனையின் முடிவு இது: தெரியாமல் கேட்கும் கேள்வியில் முட்டாள்தனம் இல்லை. அப்படித் தோன்றச் செய்வது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆகும் செலவு. அந்தச் செலவை யார் ஏற்பது என்பதுதான் வழக்கு.

இனி அடுத்த அளவுகோல். பிழையாக அமைந்த கேள்வி உண்டா? உண்டு. அதைக் கேட்டவர்கள் படிக்காதவர்கள் அல்ல.

சிவகாசியின் சிறார் தொழிலாளர் குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இரண்டு தடவை முக்கியமான தீர்ப்புகளைக் கண்டது. 1990 அக்டோபர் தீர்ப்பு குழந்தைகளை உற்பத்திப் பணியிலிருந்து விலக்கச் சொன்னது. ஆனால் உற்பத்தி நடக்கும் இடத்துக்கு அப்பால், பெட்டியில் அடுக்கும் வேலையில் அவர்களை வைத்துக்கொள்ளலாம் என்றது. அதே வேலைக்குப் பெரியவர் பெறும் குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதமாவது தர வேண்டும், காப்பீடு வேண்டும் என்றும் சொன்னது. இரக்கமற்ற தீர்ப்பு என்று யாரும் சொல்ல முடியாது. குழந்தைக்கு நல்லது செய்யவே நினைத்தது. ஆனால் அது தனக்கு வைத்துக்கொண்ட கேள்வி: குழந்தைகளை எந்த வேலையில், எந்தக் கூலிக்கு வைக்கலாம்? காட்டப்பட்டது ஒரு விரல். அதே வீட்டில் வேலையில்லாமல் இருக்கும் அப்பனும் அம்மையும் அந்தக் கேள்விக்குள் வரவே இல்லை.

1996 டிசம்பர் 10-ஆம் தேதி வந்த தீர்ப்பு கேள்வியையே மாற்றியது. இந்தக் குழந்தை ஏன் இங்கே இருக்கிறது? ஒரு பாமரர் கேட்கக்கூடிய கேள்வி. விடையும் எல்லாருக்கும் தெரிந்தது: வறுமை. ஆனால் அந்த விடையைப் பொருட்படுத்திய உடனே தீர்வின் வடிவம் மாறிவிட்டது. வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும். அரசு அந்தக் குடும்பத்தில் ஒரு பெரியவருக்கு வேலை தர வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் நிதியில் சேர்க்க வேண்டும். குழந்தை பள்ளிக்குப் போக வேண்டும். நடைமுறையில் இது எவ்வளவு நிறைவேறியது என்பது தனி விசாரணை. கேள்வி என்ற அளவில் பார்த்தால், நுட்பமாகத் தெரிந்த முதல் கேள்வி வழுவுடையது. வெகுளியாகத் தெரிந்த இரண்டாவது கேள்வி வழாதது. ஒரே நீதிமன்றம், ஒரே வழக்கு என்பதால் இந்த ஒப்பீடு இன்னும் உறுதியாகிறது. கேட்ட மேடை மாறவில்லை, கேள்வியின் அமைப்புதான் மாறியது.

இதே அளவுகோலை நம் ஊர்க்காரர்களின் கேள்விமேலும் வைத்துப் பார்க்காவிட்டால் திறனாய்வு ஒருதலையாகிவிடும். 2015-இல் டெல்லியில் மூன்று பச்சிளங் குழந்தைகளின் பெயரில் காற்று மாசுக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட அர்ஜுன் கோபால் வழக்கில், 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரை மட்டும் வெடிக்கலாம் என்றது. சிவகாசியில் உடனே எழுந்த கேள்வி: "வருசத்துல ஒரு நாள் வெடிக்கிறதாலயா டெல்லிக்கு மூச்சு முட்டுது?" தலைநகரில் பலர் இதைத் தன்னலமான அசட்டுக் கேள்வி என்று ஒதுக்கினார்கள். அது தவறு. வாகனம், வயலில் எரிக்கும் தாளடி, கட்டடத் தூசி இவற்றோடு பட்டாசின் பங்கு எவ்வளவு என்று அளந்து சொல்லக் கேட்கும் நேர்மையான ஐயவினா அது. பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதே கேள்வியை, பேரியம் கலந்த தூசியைப் பல ஆண்டுகள் கையால் அள்ளுகிற நம் பெண்களின் உடம்பைப் பற்றி யாரும் பேசாமலிருக்கப் பயன்படுத்தினால், அந்த இடத்தில் அது ஒற்றை விரல் ஆகிவிடுகிறது. டெல்லியின் நுரையீரலைக் காட்டிவிட்டுச் சாத்தூரின் நுரையீரலை மறைக்கிறது. ஒரே வாக்கியம்தான். எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து நேர்மையாகவும் நிற்கும், வழுவாகவும் விழும்.

கடைசியாக, விபத்துக்குப் பிந்திய கேள்வி. இதுதான் இந்த மாவட்டத்தில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி, மிக மரியாதையோடு கேட்கப்படும் கேள்வியும்கூட: "விபத்துக்குக் காரணம் என்ன?"

2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை. முதல் வெடிப்புக்குப் பிறகு காப்பாற்றவும் பார்க்கவும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து மக்கள் ஓடிவந்தார்கள். அதற்குப் பின் நடந்த பெரிய வெடிப்பில் சிக்கி, அன்று 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்க்காதவர்கள். விதிமீறலுக்காக உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட பிறகும் அந்த ஆலை இயங்கிக்கொண்டிருந்தது. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சங்குளம். 20-க்கும் மேற்பட்டோர் பலி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது வெளியே வந்தது. அதற்குப் பிறகும் வெடிவிபத்துகள்: 2023-இல் ரெங்கபாளையம், 2024-இல் செங்கமலப்பட்டி, 2025-இல் சின்னக்காமன்பட்டி.

ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. மறுநாள் பத்திரிகையில் அநேகமாக அதே விடை: மருந்து கலவையின்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது. விடை பொய்யல்ல. வேதியியல்படி உராய்வு காரணமாக இருக்கலாம். தீப்பொறி எங்கே பிறந்தது என்று தெரியாமல் தடுப்பு முறையை வகுக்கவும் முடியாது, வழக்கு நடத்தவும் முடியாது. அதனால் அந்தக் கேள்வி வேண்டும். அதோடு நின்றுவிடுவதுதான் பிழை. உராய்வு என்ற விடை விரலை எப்போதும் ஒரே ஆளை நோக்கித்தான் நீட்டும்: அந்த நிமிடம் மருந்தில் கை வைத்திருந்தவர். பெரும்பாலும் அவர் இறந்துபோயிருப்பார், பதில் சொல்ல வர மாட்டார். "தொழிலாளியின் கவனக்குறைவா?" என்று கேட்டு "ஆம்" என்று எழுதிக்கொள்வது, ஒற்றை விரலைக் காட்டிச் சிறியதா பெரியதா என்று கேட்பதேதான்.

இரண்டாவது விரலைக் காட்டும் கேள்விகள் எல்லாமே சின்னக் கேள்விகள். நாலு பேருக்கான அறையில் அன்று எத்தனை பேர் இருந்தார்கள்? ஏன்? அறையில் செய்ய வேண்டிய வேலை மரத்தடியில் ஏன் நடந்தது? உரிமம் யார் பெயரில், அன்றைய கூலி யார் பையிலிருந்து வந்தது? உரிமத்தை வழங்கியது மாவட்ட நிர்வாகமா, வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் சென்னை அலுவலகமா, நாக்பூர் அலுவலகமா? அதைக் கொடுத்தவர்கள் கடைசியாக எப்போது வந்து பார்த்தார்கள்? உள்குத்தகைக்கு எடுத்தவர் போட்ட முதலை எத்தனை நாளில் எடுத்தாக வேண்டியிருந்தது? இவற்றில் எதைக் கேட்கவும் வேதியியல் பட்டம் வேண்டாம். அந்த ஆலையின் வேனில் தினமும் வந்துபோகும் எந்தப் பெண்ணும் கேட்டுவிடுவாள். விடையும் அவளுக்கே பாதி தெரியும். ஆனால் விசாரணை அறையில் அவளைக் கேட்பவர்கள், அன்று நீ என்ன பார்த்தாய் என்று கேட்பார்களே தவிர, உன் கேள்வி என்ன என்று கேட்க மாட்டார்கள்.

முதலிப்பட்டிக்கு ஓடிவந்தவர்களுக்குத் தேவைப்பட்டதும் ஒரே ஓர் எளிய கேள்வியின் விடைதான்: உள்ளே இன்னும் எவ்வளவு மருந்து இருக்கிறது? அந்த விடை கையில் இருந்திருந்தால் அவ்வளவு பேர் நெருங்கியிருக்க மாட்டார்கள்.

கேள்வியின் மதிப்பைக் கேட்பவரின் தகுதி தீர்மானிக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன், உந்துகலத்தின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையத்தின் ஒரு துண்டைக் குளிர்ந்த தண்ணீரில் அமுக்கி வைத்து, குளிரில் இது பழைய வடிவத்துக்குத் திரும்புமா என்ற ஒரே கேள்வியை எல்லார் முன்னாலும் சோதித்துக் காட்டினார். உலகம் அதை மேதையின் எளிமை என்று கொண்டாடியது. ஆனால் விண்ணோடம் கிளம்புவதற்கு முந்திய இரவே, அந்த உந்துகலத்தைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் குளிரில் வளையம் தாங்காது என்று சொல்லி நிறுத்தச் சொன்னார்கள். அவர்களை அடக்கிவிட்டுத்தான் ஏவினார்கள். இரண்டு கேள்வியும் ஒன்றே. நோபல் பரிசு பெற்றவர் வெடித்தபின் கேட்டார், உலகம் செவிகொடுத்தது. வேலை பார்க்கிறவர்கள் வெடிக்கும்முன் கேட்டார்கள், மேலே இருந்தவர்கள் செவிகொடுக்கவில்லை. வெம்பக்கோட்டையின் மருந்து அறையிலும் கதை வேறல்ல. முட்டாள்தனம் என்ற முத்திரை கேள்வியின் உள்ளடக்கத்தைப் பார்த்துக் குத்தப்படுவதில்லை, கேட்பவரின் கூலியைப் பார்த்துக் குத்தப்படுகிறது.

இப்போது தீர்ப்பைச் சொல்லலாம். முட்டாள்தனமான கேள்வியே கிடையாது என்ற வாக்கை அப்படியே ஏற்க முடியாது. அது எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்பைக் கொடுத்து, பிழையான கேள்விகளுக்கும் அடைக்கலம் தந்துவிடுகிறது. தெரிந்துகொள்ளக் கேட்கும் கேள்வி, எவ்வளவு சின்னதானாலும், எத்தனையாவது தடவையானாலும், குற்றமற்றது. விடையைச் செயலாக்க மனமில்லாமல் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வியும், உண்மையான விடையை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டுக் கேட்கும் கேள்வியும் குற்றமுடையவை. அவற்றுக்கு முட்டாள்தனம் என்ற பெயர்கூடப் போதாது, ஏனென்றால் அவற்றால் ஆட்கள் சாகிறார்கள். பட்டாசுத் தொழிலின் துயரம், முதல் வகையைக் கேலி செய்து அடக்கியதும், இரண்டாம் வகைக்குக் குழு, அறிக்கை, அரசாணை என்று மரியாதை செய்ததும்தான்.

தீர்ப்பு என்றால் நிறைவேற்றும் வழியும் இருக்க வேண்டும். பயிற்சி நேரத்துக்கும், அறையில் கேள்வி கேட்டுப் பதில் பெறும் நேரத்துக்கும் கூலி கணக்காக வேண்டும். எண்ணிக்கைக் கூலி உள்ள வரை இது சட்டமாக எழுதப்பட்டாலொழிய நடக்காது. பலகையில் உள்ள ஒவ்வொரு விதியின் கீழும் அதன் காரணம் ஒரு வரியில், அந்த அறையில் வேலை பார்ப்பவர் பேசும் தமிழில் எழுதப்பட வேண்டும். மருந்தில் மாறுதல் தெரிகிறது, சூடு தெரிகிறது, வாடை அடிக்கிறது என்று யார் சொன்னாலும், பதில் வரும் வரை வெளியே நிற்க அவருக்கு உரிமை வேண்டும். அன்றைய கூலி அதனால் குறையக் கூடாது. விபத்து விசாரணையில், மருந்தில் கை வைத்தவர் என்ன செய்தார் என்று எழுதும் அதே பக்கத்தில், உரிமம் வைத்திருந்தவர், குத்தகைக்கு எடுத்தவர், ஆய்வு செய்ய வேண்டியவர் ஆகியோர் என்ன செய்தார்கள் என்பதும் எழுதப்பட வேண்டும். அந்த இடம் காலியாக இருக்கும் அறிக்கையை ஏற்கக் கூடாது.

இவற்றில் எதுவும் பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. ஒரு விபத்துக்குப் பின் கொடுக்கப்படும் இழப்பீட்டோடு ஒப்பிட்டால் சொற்பம். இவற்றைச் செய்து தருகிறவர்கள் தொழிலாளியைப் பார்த்து "தயங்காமல் கேளுங்கள்" என்று சொல்லட்டும். கேட்டால் கூலி குறையாது, கேட்டதற்குப் பதில் வரும் என்று உறுதி தர முடியாதவருக்கு அந்த அறிவுரையைச் சொல்லும் தகுதி கிடையாது.